தறிக்கூடத்தில் தங்கிய பேச்சு

அமெரிக்காவில் பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரைப் பருத்தி ஆலையை அருங்காட்சியகமாக்கித் திறந்த மறுநாளே, தறிகளின் இரைச்சலில் யார் காதிலும் விழாமல் போன பேச்சுகள் கேட்கத் தொடங்கின. வாரத்துக்கு ஓராண்டுப் பேச்சாக வந்தன. முதலில் 1815ஆம் வருடத்துப் பண்ணைப் பெண்கள் பல்வலியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அயர்லாந்துக்காரர்கள் ஊர்க்கதை பேசினார்கள். அப்புறம் கியூபெக்கிலிருந்து வந்தவர்கள் பிரெஞ்சில் மேஸ்திரியைத் திட்டினார்கள். வழிகாட்டி நீர்ச்சக்கரத்தைக் காட்டி முடித்ததும், "மாடியில பேச்சுக்குரல் கேக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவார்.

அங்கே முப்பத்தொரு வருடம் தறி ஓட்டிய அல்டியா பெல்லெரோஸ் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. பக்கத்துத் தறியில் நின்ற தங்கை சிமோன், 1938 அக்டோபரில் வேறு மதத்துக்காரன் ஒருவனோடு ஊரைவிட்டுப் போனவள். வுஸ்டரில்தான் இருந்தாள், பஸ்ஸில் ஒரு மணி நேரம். "கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையே அவளுக்கு" என்று சொல்லியே அல்டியா நாற்பது வருடத்தைக் கழித்துவிட்டாள்.

ஒரு நாள் பழைய தறிக்காரர் ஒவிலா வந்து, "முப்பத்தெட்டு வந்துடுச்சு அல்டியா, வீம்பு பண்ணாம வந்து கேளு" என்றார். அல்டியா போய் மூன்றாவது ஜன்னலருகே தன் பழைய இடத்தில் நின்றாள். எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பத்தொன்பது வயதுக் குரல் கேட்டது. "அக்கா, சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடு. கல்யாணத்துல எனக்குன்னு நீயாவது பக்கத்துல நிக்கணும். அப்பாகிட்ட சொல்லிடாத. வருவேல்ல?" தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள், அல்டியாவோ அன்று குனிந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். இழையைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, அவளுடைய அன்றைய குரலே பதில் சொன்னது: "சரி சரி, நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்ட நாள் மத்தியானமே அவள் பஸ் ஏறினாள். கதவைத் திறந்த சிமோனுக்கும் தலை நரைத்திருந்தது.

"ரெண்டு ரயிலை விட்டுட்டு நின்னேன்க்கா."

"காதுல விழலடி. இன்னிக்குத்தான் விழுந்துச்சு."

சிமோனும் அதே ஆலையில் வேலை பார்த்தவள்தானே, அந்த இரைச்சல் அவளுக்குத் தெரியும். அக்காவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வா, சூப் ஆறுது" என்றாள்.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்தே அருங்காட்சியகத்துக்கு வந்து, செத்துப்போனவர்களின் வம்புகளைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆலை மூடிய 1954ஆம் வருடம் வந்து போனதும் குரல்கள் நின்றன. சகோதரிகள் வருவதை நிறுத்தவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து, விட்டுப்போன நாற்பது வருடத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, அடுத்த கூடத்துக்கு நகர்ந்தார்கள்.