பதினெட்டு அடி மேலே ஓர் ஏரி

டிரெஃபோனின் விமானம் உறைந்த ஏரிக்குப் பதினெட்டு அடி மேலே, வெறும் காற்றில் தரையிறங்கியது. இறங்கியதோடு நிற்காமல் நூறு கஜம் சறுக்கிக்கொண்டு போய், சக்கரத்துக்குப் பதிலாக மாட்டியிருந்த சறுக்குக்கட்டைகளில் இடதுபக்கத்தது முறிந்து, மூக்கைக் குத்தி நின்றது. முறிந்த கட்டையும் கீழே விழவில்லை, அங்கேயே பக்கத்தில் கிடந்தது.

தப்பு அக்ரஃபேனாவுடையது. அதை அவளே ஒப்புக்கொண்டாள். மேகம் மூடிய நாளில் வானமும் பனியும் ஒரே வெள்ளையாகிவிடும். தரை எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. அதற்காகவே அந்த அலாஸ்கா கிராமத்தில் குளிர்காலம் முழுக்க ஏரியின் மேல் இரண்டு வரிசை ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை நட்டு வைப்பார்கள். சனிக்கிழமை அவள் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு போய், அலங்காரத்துக்கென்று தேவாலயத் தரையில் பரப்பிவிட்டாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டிரெஃபோன்தான், பாதிரியாரைக் கூட்டிவரப் போயிருந்தவனும் அவன்தான். கல்யாணக் குஷியில் இருப்பவளுக்கு விமானம் எதைப் பார்த்து இறங்கும் என்ற நினைப்பு எங்கிருந்து வரும்?

அந்த ஞாயிறு தவறினால் பெரிய நோன்பு தொடங்கி ஈஸ்டர் கழியும்வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் பனி இளகி, ஊரே மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விடும். முந்தைய இரண்டு வருடமும் இதே ஞாயிறைப் பனிப்புயல் கெடுத்திருந்தது. மூன்றாவது முறையும் காத்திருக்க அவளால் முடியாது.

“அங்க என்னய்யா பண்ற?” என்று கீழிருந்து கத்தினாள்.

“எறங்கிட்டேன் ஃபேனா! ஒரு கட்டை போச்சு, அவ்வளவுதான். நீங்கல்லாம் ஏன் குழிக்குள்ள நிக்கிறீங்க?”

பாதிரியார் இன்னகென்டி கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். உடனே சாத்திக்கொண்டார். “ஒருதரம் எறங்கியாச்சு. இன்னொருதரம் எறங்கச் சொல்லாதீங்க!” என்ற குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது.

அக்ரஃபேனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி, மணமக்கள் தலையில் வைக்கும் கல்யாணக் கிரீடங்கள் இரண்டையும் முழங்கையில் மாட்டிக்கொண்டு ஏறினாள். கடைசிப் படியில் நின்றாள். கண்ணை மூடிக் காலை வைத்தாள். கெட்டியாக இருந்தது, வழுக்கவும் செய்தது. பின்னாலேயே ஏறிய மக்சிம் சித்தப்பா, எந்த ஏரியையும் சோதிப்பதுபோல் கடப்பாரையால் மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, “ரெண்டடி கனம். லாரியே ஓட்டலாம்” என்றார்.

அதன்பின் நாற்பத்துமூன்று பேரும் டீக் கெட்டில், மான்கறிச் சூப்புப் பானையோடு ஏறினார்கள். நாய்கள் மட்டும் கீழேயே நின்று எல்லோருடைய பூட்ஸ்களின் அடிப்பக்கத்தையும் பார்த்துக் குரைத்தன.

“காலடியில ஒண்ணுமே இல்லாம ஒரு கல்யாணமாடீ?” என்றாள் சித்தி.

“காலடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் பண்ணணும்னா ஒருத்திக்கும் கல்யாணம் ஆகியிருக்காது சித்தி.”

கிரீடம் வைத்து, மெழுகுவர்த்தி ஏந்தி, மூன்று சுற்றுச் சுற்றினார்கள். இருட்டும்வரை ஆட்டம். டிரெஃபோன் பிர்ச் மரத்தில் புதுக் கட்டை செதுக்கி மாட்டி, மார்ச்சில் அங்கிருந்தே கிளம்பினான். மே ஒன்பதாம் தேதி கீழ் ஏரி உடைந்தது. மேல் ஏரி பதினொரு நாள் கழித்து உடைந்தது. அடுத்த குளிர்காலத்தில் இரண்டும் உறைந்தன. இப்போதும் அந்த ஊரில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மேலேயா கீழேயா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் மேலேதான். கீழே காற்று அதிகம்.