பக்கத்து மனை நிழல்

இரும்புக் கம்பத்தை ஊன்றிவிட்டால் அப்புறம் தன் பேச்சு எடுபடாது என்று லதாவுக்குத் தெரியும். அதனால்தான் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குட்டியானை வண்டியிலிருந்து பந்தல்காரர் ராமதாஸ் முதல் கம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

“பந்தல் வேணாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க.”

ராமதாஸுக்கு முப்பது வருஷத் தொழில். சாவு வீட்டில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. “இன்னாம்மா சொல்றீங்க? அக்னி நட்சத்திரம் நடந்துகினு கீது. வர்ற ஜனம் எங்க குந்தும்?”

“மரத்தடியில.”

கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த தம்பி ஹரிகிருஷ்ணன் ஓடிவந்தான். “அக்கா, நீ உள்ள போ. அணுபுரத்துல இருந்தே ரெண்டு வண்டி ஆளுக வர்றாங்க. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல எத்தனை நேரம் உட்காருவாங்க? மாமா மானம் என்னாகறது?”

“உங்க மாமா மானத்துக்காகத்தான் வேணாங்கறேன்.”

முந்தின நாள் சாயங்காலம் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர்தான் சம்பத். எழுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் அணுமின் நிலையத்து அணுபுரம் குடியிருப்பில் போனது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மற்றவர்கள் பஸ் வசதி, ஆஸ்பத்திரி, மனை விலை என்று பார்த்து ஊர் தேடியபோது, இந்த மனுஷன் மட்டும் வெயிலைப் பார்த்துத் தேடினார். இரண்டு கோடைகள். மே மாதத்து ஞாயிறுகளில் ஏதாவது ஓர் ஊரில், மதியம் சரியாக இரண்டு மணிக்குக் குடையை விரித்து, அதன் கம்பியில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு நிற்பார். கடல்காற்று உள்ளே வருவதற்கு முன் ஊர் தன் சொந்தச் சூட்டில் கிடக்கும் நேரம் அது; அந்த நேரத்தில் தாங்குகிற இடத்தில்தான் குடியிருக்க முடியும் என்பது அவர் கட்சி.

லதா தான் பிறந்த கோயம்புத்தூருக்குப் போகலாம் என்றாள். “அங்க ரோட்டை அகலமாக்கறேன்னு மரத்தையெல்லாம் வெட்டிக்கிட்டிருக்கான்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். கடைசியில் ஊரப்பாக்கத்தில் ஒரு மனையில் மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்.

சூடு குறைந்தது அந்த மனையால் அல்ல, பக்கத்து மனையில் நின்ற ஐந்து மாமரங்களால். கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் முன்பு அவற்றை வெட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள். அளப்பதில் சூரர்தான், மரம் யாருடையது என்று கேட்கத்தான் மறந்துவிட்டார். விருந்துக்கு வந்த அணுபுரத்துக்காரர்கள் மொட்டை வெயிலில் வரிசையில் நின்றார்கள். அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த உப்பிலி சார் அங்கேயே பேர் வைத்தார்: ‘பக்கத்து மனை நிழலைக் காசு கொடுத்து வாங்கிய மனுஷன்.’ பேர் ஒட்டிக்கொண்டது. லதாவும் சும்மா இருக்கவில்லை. மின்விசிறி அனலாகச் சுற்றும்போதெல்லாம் “கோயம்புத்தூர்” என்று ஒரு சொல் மட்டும் சொல்வாள்.

சம்பத் புங்கங்கன்று வாங்கிவந்தார். ஒவ்வொரு வாசலிலும் கெஞ்சிக் கூத்தாடி இருபத்திரண்டு கன்று வைத்தார். துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் வாளி வாளியாகத் தெருவுக்குப் போயிற்று. வர்தா புயலில் ஏழு சாய்ந்தன. நாலை நிமிர்த்திக் கட்டினார், மூன்றைப் புதிதாக வைத்தார். மின்கம்பிக்காகக் கிளை வெட்ட வருகிறவர்கள் கூடவே நடந்து “போதும் தம்பி, இதுக்கு மேல வேணாம்” என்று அவர்கள் உயிரை வாங்கினார். பதின்மூன்று வருஷத்தில் இரண்டு பக்கத்து மரமும் தலைக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆனால் அணுபுரத்துக்காரர்கள் அந்த விருந்துக்கு அப்புறம் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை. அவர்களுக்கு அவர் இன்னும் அந்தப் பழைய மனுஷன். இன்றைக்குப் பந்தலைப் போட்டால் கடைசிவரைக்கும் அதே மனுஷன்.

புனேயிலிருந்து விடியற்காலை வந்த மகன் ரோஹித் அண்ணாந்து பார்த்தான். “விடுங்க மாமா. அம்மா சொல்றபடி செய்யலாம்.”

“அப்பாவையும் வெளிய கொண்டுவந்து வைங்கடா” என்றாள் லதா.

ஐஸ் பெட்டி வாசல் புங்கைக்கு அடியில் வந்தது. ராமதாஸும் மேலே பார்த்தார். “சேரு மட்டும் எறக்கிட்டுப் போறேம்மா” என்றார்.

சொல்லிவிட்டாளே தவிர லதாவுக்கு நிச்சயமில்லை. பெட்டியருகே உட்கார்ந்து அழ வேண்டியவள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் காலத்துச் சாவுக்கென்று ஒரு சத்தம் உண்டு: நிழல் நகர நகர ஜனங்கள் நாற்காலியை இழுக்கிற சத்தம். அப்புறம் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பத்துப் பேர் செருப்பைத் தேடுவார்கள். அந்தச் சத்தம் வருகிறதா என்றே அவள் காது கிடந்தது.

பன்னிரண்டரைக்கு அணுபுரம் வண்டிகள் வந்தன. அறுபது எழுபது பேர் இருக்கும். மாலை போட்டார்கள், கைகூப்பினார்கள், உட்கார்ந்தார்கள். கிளை வெட்டிய இடத்துப் பொத்தல் வழியாக ஒரு தட்டளவு வெயில் இறங்கிப் பெட்டியின் கண்ணாடியில் ஏறியது. ஹரிகிருஷ்ணன் அக்காவைப் பார்த்தான். அவள் அசையவில்லை. வெயில் சம்பத்தின் கால்மாட்டைத் தொட்டுவிட்டு, அரைமணியில் சாக்கடைப் பக்கம் நகர்ந்துபோயிற்று.

ஒரு மணி. ஒன்றரை. ஒரு நாற்காலியும் நகரவில்லை. கோயம்புத்தூர்க்காரன் சாய்ந்து, வாயைத் திறந்து, தூங்கியே போய்விட்டான்.

உப்பிலி சார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவளிடம் வந்தார். கடல்காற்றுக்கு ஆசைப்பட்டு முட்டுக்காட்டில் வீடு வாங்கியவர் அவர்.

“லதா, மணி ரெண்டேகால்.”

“ஆமா சார்.”

“நான் இன்னும் கர்ச்சீப்பை வெளியில எடுக்கல.”

ஆறுதல் மாதிரி சொல்லவில்லை. வேலையிடத்தில் மீட்டரைப் படித்துச் சொல்கிற குரலில் சொன்னார். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பினார். “பதிமூணு வருஷமா ஒரு பேரைச் சொல்லிண்டிருந்தேன் சம்பத். வாபஸ் வாங்கிக்கறேன்.” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

லதாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வரக்கூடியதா இது என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் என்று அவள் இத்தனை பெருமைப்பட்டதே இல்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். உள்ளே வந்தால் திரும்ப முடியாது என்று அமரர் ஊர்தி வண்டி தெருமுனையிலேயே நின்றது. அதுவரை தோளில்தான் போக வேண்டும். தீச்சட்டியோடு ரோஹித் முன்னால் போனான்; ஹரிகிருஷ்ணனும் தெருக்காரர்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். எல்லோரும் வெறுங்கால். புங்கம்பூ உதிர்ந்து கிடந்த சிமென்ட் தெருவில், சாயங்காலத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி நிதானமாக நடந்தார்கள். பின்னால் போனவர்களும் பேசிக்கொண்டே போனார்கள்.

தெருமுனையில் மரம் முடிந்து தார்ரோடு தொடங்கிய இடத்தில் ரோஹித்தின் கால் சட்டென்று மேலே எழும்பியது. அடுத்து ஹரிகிருஷ்ணனின் கால். தூக்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலில் குதித்துக் குதித்து, வண்டி வரைக்கும் இருந்த பத்தடியை ஓடியே கடந்தார்கள். பின்னால் போன கூட்டம் நிழலிலேயே நின்றுவிட்டது.

பெண்கள் வாசலோடு நின்றார்கள். லதா மட்டும் நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட, கடைசி மரத்தின் நிழல் முடிகிற இடம்வரை போய் நின்றாள். வண்டி கிளம்பிப் போன பிறகும் சூடேறாத சிமென்ட்டில் வெறுங்காலோடு, காலை மாற்றி வைக்காமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.