கெம்பிக்கு ஐந்து நாள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற இடத்தில் முட்டை இருந்ததே இல்லை. மாட்டு ஊசி மருந்துதான் இருக்கும், அதுவும் பாதி பாட்டில்.

எங்கள் பசு கெம்பி இருமினால் என் வீட்டுக்காரர் மாதேஷ் அதை எடுத்துத் தானே ஊசி போட்டுவிடுவார். கம்பெனி பஸ் ஓட்டுகிற மனிதருக்குப் பாதி டாக்டர் என்று நினைப்பு. ஐந்து நாள் போட வேண்டிய ஊசி; இரண்டாம் நாள் இருமல் நின்றதும் "போதும், நிறுத்து" என்று சொல்கிறவள் நான். ஊசி போடும் நாட்களிலும் அதற்குப் பின் சில நாட்களும் பாலில் மருந்து கலந்திருக்கும் என்பதால் பால் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. கறந்த பாலைக் கீழே கொட்ட எனக்கு மனசு வராது. ஒரே வருஷத்தில் மூன்று தடவை இப்படி நிறுத்தினோம்.

இந்த ஆடியில் மறுபடி இருமல். இரண்டு நாள் ஊசி போட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கெம்பி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். குந்தாரப்பள்ளி சந்தையில் கன்றாக வாங்கி, என் கையால் கஞ்சி ஊட்டி வளர்த்தவள். எனக்கு உயிரே போய்விட்டது. நான் வேலைக்குப் போகவில்லை.

கால்நடை டாக்டர் சத்யப்ரியா வந்து கெம்பியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. போன தடவை எத்தனை நாள் ஊசி போட்டீங்க?"

மாதேஷ் என் பக்கம் திரும்பவே இல்லை. "அஞ்சு நாளும் போட்டோமுங்க. நல்லாயிடுச்சு. இந்தவாட்டி இன்னும் ஒண்ணும் போடல."

"அப்ப அதே மருந்து கேட்கும்" என்று அவர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

என்னைக் காப்பாற்றத்தான் மாதேஷ் இப்படிச் சொல்கிறார் என்று புரிந்தது. பாவி மனுஷன்! கெம்பியின் விலா ஏறி ஏறி இறங்கியது.

"பொய்யிங்க டாக்டரம்மா. எப்பவும் ரெண்டு நாள்தான். நாந்தான் நிறுத்தச் சொன்னேன், பாலுக்காக. நேத்தும் இதே மருந்துதான் போட்டாரு, கேக்கல."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். திட்டவில்லை.

"நல்லவேளை சொன்னீங்க. பாதியில விட்டதுல தப்பிச்ச கிருமி இந்த மருந்துக்குப் பழகியிருக்கும். இதைப் போட்டிருந்தா இன்னிக்கும் வீணாப் போயிருக்கும்."

நீளமான பஞ்சுக் குச்சியால் மூக்குச் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வேறு மருந்து போட்டார், ஐந்து நாளும் போட வேண்டும் என்றார். மூன்றாம் நாள் கெம்பி பசும்புல்லைக் கடித்தாள். நான்காம் நாள் இருமல் நின்றது. பரிசோதனை முடிவும் வந்தது: பழைய மருந்து கேட்காது, புதியது கேட்கும். அன்றும் கறந்த பாலைக் குழியில் கொட்டினேன்.

"எதுக்கு அன்னிக்குப் பொய் சொன்ன?" என்று மாதேஷைக் கேட்டேன்.

"வெளியாளு உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தாங்காது, ஜோதி."

"கெம்பி போயிருந்தா?"

தோள் துண்டால் கெம்பியின் மூக்கைத் துடைத்தார். அவரைப் பார்த்தும் எனக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் டாக்டர் வரத் தாமதமானது. நானே போன் செய்தேன்.

"ஏம்மா, மறுபடி இருமுதா?" என்று பதறினார்.

"இல்லீங்க, நல்லா இருக்கா. இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்குதுங்களே."