கால் நொடிக் கூடம்

பாண்டுங் நகரத்தில் நானாங் என்பவன் வீட்டுச் சுவரில் முதல் கதவு முளைத்தது 2017 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உயரம் ஆறடி, கீல் மூன்று. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத சமூக வலைத்தளம் ஒன்றை அவன் சமையலறையில் இரண்டு பழைய கணினிகளை வைத்து ஆரம்பித்திருந்தான். அவனைப் போலவே ஊருக்கு ஒருவர் நடத்தி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது ஏற்பாடு. அதில் யார் சேர்ந்தாலும் அவர்கள் வீட்டுக் கதவு ஒன்று இவன் கூடத்தில் வந்து நின்றது. யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமானால் தங்கள் கதவைத் திறந்து, கூடத்தைக் கடந்து, அடுத்தவர் கதவு வழியாகப் போவார்கள். முதல் வருஷம் நாற்பத்து மூன்று கதவுகள். கடக்கப் பத்து நொடி பிடித்ததால், போகிற போக்கில் நானாங் போட்டுவைத்த இஞ்சி பாண்ட்ரெக்கை ஒரு மிடறு குடித்துவிட்டு, மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள்.

வேலையில் அவன் கெட்டிக்காரன். அதுவே அவனுக்கு வினையாயிற்று. ஒரு கதவு மயிரிழை சிக்கினாலும் உட்கார்ந்து நிரலை முதலிலிருந்து திருத்தி எழுதுவான். 2022 கடைசியில் வேறொரு பெரிய தளத்தோடு மனஸ்தாபப்பட்டு எட்டாயிரம் பேர் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். வீடு வளரவில்லை. கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை ஏறின, ஜன்னல் இருந்த இடமும் போயிற்று. பதினோரு மாதம் உழைத்து, கடக்கும் நேரத்தைக் கால் நொடிக்குக் கொண்டுவந்தான். ஒரு கீலும் சத்தம் போடவில்லை. நடுவில் ஒரு கூடம் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. எட்டாயிரம் பேர் நடமாடும் வீட்டில் அவன் தனியாகச் சோறு தின்றான். அவர்கள் கடக்கிற காற்று மட்டும் சட்டையை அசைத்துக்கொண்டே இருந்தது.

2024 ஜனவரியில் அவன் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுதினான். ஒரே வரி. கதவுகள் ஐந்து நிமிஷம் தாமதித்துத் திறந்தன, கூடம் நிரம்பியது. அண்டா நிறையப் பாண்ட்ரெக் காய்ச்சி வைத்தான். யாரும் தொடவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல்தான் வந்தது.

"என்ன மிமின், தூங்கிட்டீங்களா? கதவு திறக்கறதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான் போல!"

தளம் நடத்துகிற எவரையும் அங்கே மிமின் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டே நாளில் மூவாயிரம் பேர் தங்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு வேறு ஊர் மிமின்களிடம் போய்விட்டார்கள். அப்படிப் போக வசதி செய்து வைத்தவனும் அவனேதான்.

நுர்ஹாயா மட்டும் உட்கார்ந்தாள். அவளுக்குச் சுராபாயாவில் நர்ஸ் வேலை, அம்மா இருப்பது கிராம்பு விளைகிற தெர்னாத்தே தீவில். தினமும் நாலு மணிக்கு இந்தக் கூடம் வழியாகத்தான் அம்மாவைப் பார்க்கப் போவாள். நானாங்கை அவன் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற அர்த்தத்தில் காங் என்று கூப்பிட்டாள்.

"ஐயோ காங், இங்க ஆள் குடியிருக்கீங்களா? ஏதோ மெஷின்னுல்ல நெனச்சேன்!"

"மெஷினுக்கு இவ்வளவு நல்லா பாண்ட்ரெக் போட வருமா?"

"சர்க்கரை கம்மி. மெஷினேதான்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மூன்று நாள், நாளைக்கு ஐந்து நிமிஷம், அவள் பேசினாள். அவன் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. நாலாம் நாள் அவள் கோப்பையைத் தொடாமல் நின்றாள்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குது காங். அந்தப் பக்கம் கூப்பிடறது கேக்குது, கதவு திறக்க மாட்டேங்குது. எப்படியாவது சரி பண்ணிடுங்க."

தான் செய்த பாவம் அவனுக்கு உறைத்தது. சமையலறைக்கு ஓடி அந்த வரியை அழித்தான். திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். அம்மா பிழைத்துக்கொண்டாள். போனவர்களும் கதவுகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அன்றுமுதல் தினம் நாலு மணிக்குக் கிராம்பு வாசத்தோடு ஒரு காற்று கூடத்தைக் கடந்தது. அவள் திரும்பி வரும்போது இன்னொரு தரம். கால் நொடியில் முகம் தெரியாது. இன்னொரு முறை பிழை எழுத அவனுக்கு மனம் வரவில்லை.

வருஷக் கடைசியில் சந்துத் தலைவர் ஜுஹானா ஐயா, ஊர் வழக்கில் பாக் ஜுஹானா, பதிவேட்டோடு வந்தார். ஒரு முழு நாள் தங்குகிற விருந்தாளியை அவரிடம் பதிந்தாக வேண்டும். கதவுகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"யாராவது தங்கறாங்களா நானாங்?"

"ஒருத்தங்க வர்றாங்க பாக். தினம் ரெண்டு தடவை, கால் கால் நொடி."

"எல்லாம் சேத்து ஒரு நாள் ஆச்சா?"

நானாங் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தான். நானூற்று எழுபத்து மூன்று வருஷம் ஆகும் என்றான். பாக் ஜுஹானா தாமும் ஒருமுறை போட்டுச் சரிபார்த்து, 2497 என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த வருஷம் மறக்காமல் வந்து பதியச் சொன்னார். சரி என்றான் நானாங். நாலு மணியாக இன்னும் இரண்டே நிமிஷம் இருந்ததால் அவரைச் சீக்கிரம் வழியனுப்பி வைத்தான்.