முன் ஆக்ஸில் லாக்கரும் ஒரு மணிக்கட்டும்

கடைக்குள் சிந்திக் கிடந்த பழைய கியர் ஆயிலின் நாற்றம் ஒரு பக்கம் குமட்டியது என்றால், கணவர் கடைக்காரரிடம் அளந்துகொண்டிருந்த அளப்பு அவளுக்கு இன்னொரு பக்கம் குமட்டியது.

"மழையோ வெயிலோ, மலை மேல இருக்கிற டவருக்கு டீசல் போயே ஆகணும் பாருங்க. நான் சேறு பாக்க மாட்டேன், பாறை பாக்க மாட்டேன். ஏத்திடுவேன்."

ஏத்திடுவாராம்! இந்த மனுஷன் ஸ்டீயரிங்கைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது. சமதரையில் கிளட்சை விட்டாலே வண்டி தவளையாகக் குதிக்கும். செல்போன் டவர்களுக்கு டீசல் கேன்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறுவது அவள். ஒப்பந்தம் மட்டும்தான் அவர் பெயரில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று முனகுவதுதான் ஐயா பார்க்கும் வேலை. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதே! அதற்காகத்தான் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, கடைக்குள் முன்னால் நடந்து வந்திருந்தார்.

வந்தது முன் ஆக்ஸிலுக்கு லாக்கர் போட. ஒரு முன்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றினால் மற்றது சும்மா நிற்கும். இரண்டையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைப்பது லாக்கர். அதில் ஒரு வகை, சுவிட்சைத் தட்டினால் மட்டும் பூட்டும். இன்னொன்று தானாகவே பூட்டிக்கொள்ளும். அதைப் போட்டால் வளைவில் ஸ்டீயரிங் கல்லாகிக் கையோடு மல்லுக்கட்டும். போன மழையில் சக்கரம் பாறையில் மோதி, ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பியதில் அவள் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தும் இன்னும் முழு பலம் வரவில்லை. தானாகப் பூட்டும் அந்தச் சனியனை மாட்டிவிட்டால், இந்தக் கையோடு இனி மலையேற முடியாது. அவளுக்கோ அந்த வேலை உயிர்.

"சுவிட்ச் வச்சதே போடுங்கண்ணே," என்றாள். "உள்ள இருக்கிற ஆக்ஸில் ராடும் கெட்டியா மாத்தணும். பழசு அந்த இழுப்புக்குத் தாங்காது, முறிஞ்சிடும்."

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "எது தோதுன்னு சார் சொல்லட்டும்க்கா. நீங்க ஃபேன் கீழ உக்காருங்க."

"அவ கெடக்கா விடுங்க," என்றார் கணவர். "சுவிட்சு கிவிட்செல்லாம் தொடைநடுங்கிப் பயலுகளுக்கு. நமக்குத் தானா பூட்டுறதே போடுங்க. முன்னாடி நாலு லைட்டும் வைங்க, பெருசா."

தொடைநடுங்கி! இவர் வாயால் அந்தச் சொல்! 'ஓட்டறது அவதான்' என்று இரண்டே வார்த்தை சொல்ல நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீ என்று போய்விட்டது அவளுக்கு.

"சரி சார், வண்டியக் கொண்டாந்து இந்தப் பள்ளத்து மேல நிறுத்துங்க," என்றார் கடைக்காரர். அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான ஆழமான பள்ளம் அது. மேலே இரண்டு பலகைகள். "சக்கரம் கரெக்டா பலகையில ஏறணும், பாத்து."

அவர் பலகையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சட்டென்று தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"கையில அடி பாருங்க. போன மழையில பாறையில மோதி ஸ்டீயரிங் வெடுக்குனு திரும்பிடுச்சு, எலும்பே முறிஞ்சு போச்சு. இவ கொண்டாருவா. தெருவுக்குள்ள ஏதோ ஓட்டுவா."

அவளுக்குக் காது அடைத்தது. வேலையை எடுத்துக்கொண்டார், பெயரை எடுத்துக்கொண்டார், தொலையட்டும். வலியையுமா? ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது யார்?

கடைக்காரர் பதறிப்போனார். "அட என்ன சார், இதை முதல்லயே சொல்ல வேணாமா! தானா பூட்டுறத மாட்டினா கை மறுபடி போயிடும். உங்களுக்கு சுவிட்ச் வச்சதுதான். ராடும் கெட்டியாவே போட்டுடுறேன்."

கணவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா, நீ கேட்டதையே வாங்கிக் குடுத்துட்டேன்ல?" என்று கிசுகிசுத்தார். அந்த மூச்சு காதில் பட்டதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நல்ல கை எப்பவும் ஸ்டீயரிங்க விடக்கூடாது சார்," என்றார் கடைக்காரர். "அடிபட்ட கைதான் சுவிட்சைத் தட்டணும். அதனால இடது பக்கமா வச்சுடுறேன்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். கணவர் பிடித்துக்கொண்டிருந்தது இடது மணிக்கட்டை.

முறிந்தது வலது. வலது கையில் மாவுக்கட்டோடு இவருக்கு எதிரே உட்கார்ந்து, இடது கையில் கரண்டி பிடித்து நாள்தோறும் சாப்பிட்டிருக்கிறாள். இவர் சட்டையை அந்த ஒற்றைக் கையால்தான் துவைத்துப் போட்டாள்.

"வலது பக்கம் வைங்கண்ணே," என்றாள்.

"சாருக்கு இடது கையிலதானக்கா அடி?"

"சாருக்கு ஒண்ணும் இல்ல. ஒடஞ்சது என் கை. ஓட்டறதும் நான்தான்."

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். கணவர் "அது வந்து..." என்று சிரிக்கப் பார்த்தார். இடது மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

"பொய் சொன்னதுகூடத் தொலையுதுங்க," என்று அவரிடம் சொன்னாள். "எந்தக் கைன்னாவது ஒரு தடவ பாத்திருக்கலாம்."

வண்டியைக் கொண்டுவரத் தெருமுனைக்கு நடந்தாள்.