சொன்னால் நிற்கும் கை

ஏட்டு சுந்தரபாண்டியன் குற்றாலத்தில் ஒரு தகர ஷெட்டுக்குள் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஷெட்டுக்கு மேலே தகரம் உண்டே தவிர பக்கத்தில் மறைப்பு ஒன்றும் கிடையாது. அருவிக்குப் போகிற சனம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டேதான் போயிற்று. மசாஜ் போடும் வேல்ராஜ், முதுகில் ஏறி உட்காராத குறையாக எண்ணெயை ஊற்றித் தட்டிக்கொண்டிருந்தான். ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டு, "ஆங், அங்கனதாம்லே, அங்கனதான்" என்று முனகினார். அவருடைய சட்டை, பேன்ட், வாட்ச், செல்போன் எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி வெளியே நின்றாள் அவர் மனைவி ஜெயசித்ரா.

வருசா வருசம் இதே கூத்துதான். சீசன் தொடங்கி நாலு தூறல் விழுந்ததும் இலஞ்சியிலிருந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவார். பெண்டாட்டியைக் குற்றாலம் கூட்டிப்போனேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். கூட்டிவந்தது துணி காக்க என்பதை மட்டும் சொல்ல மாட்டார். இந்த வருசம் ஜெயசித்ராவுக்கு நிற்கக்கூட முடியவில்லை. தையல்காரி அவள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் முழுக்க யூனிஃபார்ம் தைத்துத் தைத்து வலது தோள் கல்லாக இறுகிப்போயிருந்தது. தலைவாரக் கையைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வந்தது. மாத்திரை, தைலம், ஒத்தடம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. இங்கே என்னவென்றால் அவள் கண் முன்னாலேயே ஒருத்தன் தோளை எண்ணெய் விட்டு மாவு பிசைகிற மாதிரி பிசைகிறான், பிசைபடுகிறவர் சொர்க்கத்துக்குப் பாதி வழி போய்விட்டார்.

"தம்பி, எனக்கும் இந்தத் தோளக் கொஞ்சம் பிடிச்சு விடுவியா?" என்று கேட்டேவிட்டாள்.

வேல்ராஜின் கை அப்படியே நின்றது. பக்கத்துப் பெஞ்சில் கிடந்த இரண்டு பேர் தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். ஏட்டையா விசுக்கென்று திரும்பினார். "ஏட்டி, கோட்டி கீட்டி புடிச்சிருச்சா ஒனக்கு?"

வேல்ராஜ் நல்ல பையன், சிரிக்கவில்லை. "மதினி, பொம்பளையளுக்கு இங்கன கிடையாது. ஐந்தருவி ரோட்டுல ரூபின்னு ஒரு அக்கா இருக்காவ. பொம்பளையளுக்கு மட்டும் செய்தாவ. போன் போட்டு நேரம் வாங்கிட்டுத்தான் போணும்" என்றான். எண்ணெய்க் கையோடு வானத்தைப் பார்த்து நம்பரையும் சொன்னான். புருசனின் துணிமூட்டையை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் தன் போனில் அதை அங்கேயே ஏற்றிக்கொண்டாள் ஜெயசித்ரா. ஏட்டையா அதைக் கவனிக்கவில்லை, மறுபடியும் குப்புறப் படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள். எடுத்த எடுப்பிலேயே ரூபி, "யாருக்கு பண்ணணும்?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றாள் ஜெயசித்ரா. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி. எங்கே வலி, எத்தனை நாளாக, பிரஷர் உண்டா, சுகர் உண்டா, ஆபரேஷன் நடந்திருக்கா.

"சாப்பிட்ட உடனே வராதிய. பழைய நைட்டி ஒண்ணு, பாவாட ஒண்ணு கொண்டாங்க, எண்ணெக்கறை போவாது. ரூமுக்குள்ள நீங்களும் நானும்தான், உள்பக்கம் தாழ்ப்பா உண்டு. அப்புறம் எனர்ஜி ஹீலிங்னு ஒண்ணு இருக்கு. வேணும்னா கடைசில அதும் செய்வேன்."

"அது என்னதுங்க?"

"தொடாம செய்யுதது. கைய மேல வச்சு நிப்பேன்."

"தொடாம நின்னா என்னம்மா ஆகும்?"

"சில பேருக்குத் தூக்கம் வருது. சில பேருக்கு அழுக வருது. சில பேரு சிரிச்சிட்டு எந்திச்சுப் போயிருதாவ. நான் கேரண்டி ஒண்ணும் தாரதில்லக்கா" என்றாள் ரூபி. ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி உடைத்துப் பேசுகிறவளிடம் உடம்பைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் ஏட்டையா கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே போட்டார்.

"மசாஜ் சென்டரா? அதெல்லாம் என்ன எடம்னு எனக்குத் தெரியாதாட்டி? ரெய்டுக்குப் போனவன் நான். போலீஸ்காரன் வீட்டுப் பொம்பள போற எடமா அது?"

"பொம்பளைக்குப் பொம்பளதான் செய்தா. தோளு வலிக்கு."

"நாளைக்கி ஸ்டேஷன்ல ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு."

ஜெயசித்ரா ரசத்தை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "நேத்து நீங்க ரோட்டோரமா துண்டோட படுத்துக் கெடந்தியள, அப்ப அந்த மானம் எங்க போயிருந்துச்சு? நாந்தான் உங்க பேன்ட்டோட சேத்துப் பிடிச்சிட்டு நின்னேனா?" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. ஏட்டையா வெடுக்கென்று அவள் போனை எடுத்து, கடைசியாகப் பேசிய நம்பரை அழுத்தினார். எந்த இடம், யார் பேரில் நடக்குது, லைசென்ஸ் உண்டா என்று காக்கிக் குரலில் விசாரித்தார். எதிர்முனையில் ரூபி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது ஜெயசித்ராவுக்கும் கேட்டது. அந்த புக்கிங்கை கேன்சல் பண்ணு என்று அவர் அதட்டியபோதுதான் அந்தக் குரல் மாறியது.

"புக் பண்ணது அவங்க சார். வேண்டாம்னா அவங்க சொல்லட்டும். நீங்க சொல்லி நான் எடுக்க மாட்டேன்."

போனை அவள் பக்கம் நீட்டினார். சொல்லு என்று கண்ணைக் காட்டினார். ஜெயசித்ரா போனை வாங்கிக் காதில் வைத்து, "பதினோரு மணிக்கு வந்திருவேன்மா" என்றாள்.

இரண்டு நாள் ஏட்டையா முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை, தன் யூனிஃபார்மை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். அவருக்குக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். "போறதுன்னா போய்த் தொல. ஆனா யாரு கேட்டாலும் டாக்டர்ட்ட போயிட்டு வாரேன்னு சொல்லு. மசாஜுங்க வார்த்த ஒன் வாயிலருந்து வரக் கூடாது, கேட்டியா?" என்றார். அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

ஐந்தருவி ரோட்டில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதி அது. ஜெயசித்ரா பயந்த மாதிரி சிவப்பு விளக்கும் இல்லை, ஆசைப்பட்ட மாதிரி ஜாலமும் இல்லை. ஒரு ரப்பர் மெத்தை போட்ட மரக்கட்டில், அடுப்பில் சூடாகும் எண்ணெய்ச் சட்டி, கொடியில் துவைத்துப் போட்ட துண்டுகள். ரூபிக்கு நாற்பது வயது இருக்கும். புளியறையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாளாம். ஜெயசித்ரா நைட்டியை மாற்றிக்கொண்டு படுத்ததும், ரூபி கையில் எண்ணெயை ஏந்தியபடி தலைமாட்டில் வந்து நின்று கேட்டாள்.

"எங்க தொடலாம், எங்க தொடக் கூடாது, சொல்லுங்கக்கா."

ஜெயசித்ராவுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. அவள் உடம்பை எத்தனையோ கைகள் தொட்டிருக்கின்றன. காதைத் திருகிய டீச்சர் கேட்டாளா? பிரசவத்துக்குப் போன இடத்தில், காலை விரி என்று தொடையில் அடித்த நர்ஸ் கேட்டாளா? சுரண்டை பஸ்ஸில் இடித்துக்கொண்டே வந்தவன் கேட்டானா? சுந்தரபாண்டியன் கெட்டவர் இல்லை, குடித்துவிட்டு வந்து அடித்தவர் இல்லை. ஆனால் அவரும் ஒருநாள் ஒருபொழுது கேட்டதில்லை. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருந்தது. அதைப் பற்றி யாரிடமும் அவள் பேசியதில்லை, போனில் ரூபி கேட்டபோதுகூடச் சொல்லவில்லை.

"வயித்துல வேண்டாம்" என்றாள்.

"சரி. நடுவுல வலிச்சாலும் சரி, சும்மா புடிக்கலன்னாலும் சரி, நிறுத்துன்னு சொல்லுங்க. நிறுத்திருவேன். காரணம் சொல்ல வேண்டாம்."

சும்மா சொல்லக் கூடாது, ரூபியின் கை வேலை தெரிந்த கை. கழுத்தில் தொடங்கித் தோளுக்கு வந்து, அந்தக் கல் முடிச்சைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தியபோது ஜெயசித்ராவுக்குக் கண்ணில் பொறி பறந்தது. பிறகு வலி இளகி, கையின் நீளத்துக்கும் ஒரு சூடு இறங்கியது. அப்படி ஒரு சுகம். அந்தச் சுகத்துக்கு நடுவில்தான் அவளுக்கு அந்தக் குறும்பு தோன்றியது. குறும்பு என்றுகூடச் சொல்ல முடியாது, நம்பாமை. எல்லாரும் வாயால் சொல்லத்தான் செய்கிறார்கள்.

"நிறுத்துங்க" என்றாள்.

சட்டென்று இரண்டு கையும் விலகின. எண்ணெய் சொட்டாமல் இருக்க ரூபி கையைக் குவித்துக்கொண்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயசித்ரா குப்புறப் படுத்தபடியே, தன் ஒரு சொல்லால் நின்றுபோன அந்த அறையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். நெஞ்சுக்குள் என்னவோ குதியாட்டம் போட்டது. இதுதானா இது, இவ்வளவுதானா, இதைச் சொன்னால் போதுமா?

"ஒண்ணுமில்லம்மா. சும்மா சொல்லிப் பாத்தேன். செய்யுங்க."

"நெறைய பேரு சொல்லிப் பாப்பாவக்கா" என்று சொல்லி ரூபி மறுபடியும் கையை வைத்தாள்.

கடைசியில் அந்த எனர்ஜி சமாச்சாரமும் நடந்தது. ரூபி அவளை மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, தொடாமல், நெற்றிக்கு மேலும் நெஞ்சுக்கு மேலும் கையை வைத்து நின்றாள். ஜெயசித்ராவுக்குத் தூக்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நல்ல பசி வந்தது. அதை அப்படியே சொன்னபோது ரூபி விழுந்து விழுந்து சிரித்தாள். எண்ணெய் உடம்பில் ஒரு மணி நேரமாவது ஊறட்டும், வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்தால் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

அப்படியே சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு மரத்தடியில் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டே நடந்தாள். கழுத்திலும் கையிலும் எண்ணெய் பளபளவென்று மின்னியது, ஜாக்கெட் முதுகில் தொப்பலாக ஊறியிருந்தது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்தக் கை போயிற்று. எதுக்கு என்று விட்டுவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற முக்கில் சுந்தரபாண்டியன் விசிலும் கையுமாக வண்டிகளை மறித்து விட்டுக்கொண்டிருந்தார். கூட அவர் ஸ்டேஷன் காவலர் முத்துகுமரன். இளவட்டம், கள்ளமில்லாத பையன். அவன்தான் முதலில் பார்த்தான்.

"மதினி, என்ன எண்ணெயா வடியுது? எங்க போயிட்டு வாரிய?"

"டாக்டர்ட்ட போயிட்டு வாரா" என்று அவசர அவசரமாக முந்திக்கொண்டார் ஏட்டையா.

"இல்ல தம்பி. மசாஜ் போட்டுட்டு வாரேன்" என்றாள் ஜெயசித்ரா. குரலைத் தாழ்த்தவில்லை. பழக்கடைக்காரி தராசைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். "ஐந்தருவி ரோட்டுல. நல்லா செய்தாவ. ஒங்க அம்மைக்கு முட்டுவலின்னியே, கூட்டிட்டுப் போ."

ஏட்டையா முகம் கறுத்துவிட்டது. இரண்டே எட்டில் வந்து அவள் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தார். "இங்கன வாட்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரமாக நின்ற போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் இழுத்தார்.

அவள் நகரவில்லை. "கைய எடுங்க" என்றாள்.

"ஏட்டி..."

"கைய எடுங்கன்னேன்."

கத்தவில்லை அவள். கட்டிலில் படுத்துக்கொண்டு ரூபியிடம் சொன்ன அதே சாதாரணக் குரல்தான். கை விலகிற்று. அவராக எடுத்தாரா, எண்ணெயில் வழுக்கிற்றா என்று கேட்டால் பக்கத்தில் நின்ற முத்துகுமரனுக்கும் சொல்லத் தெரியாது. இலஞ்சி வழியாகப் போகிற பஸ் நகர்ந்து வந்தது, கையைக் காட்டி நிறுத்தி அவள் ஏறிக்கொண்டாள். முக்கில் வண்டிகள் நான்கு பக்கமும் முட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தன. ஏட்டையாவின் உள்ளங்கை முழுக்க எண்ணெய். இஸ்திரி போட்ட காக்கியில் துடைக்கவும் முடியாமல், விசிலைத் தொடவும் முடியாமல், அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார்.