ரப்பர் வீட்டுப் பெண்

தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாயில் அந்த மூன்றாம் ஆண்டு நர்சிங் வகுப்பில் ஒவ்வாமை இல்லாதவர்களைத் தேடிப் பிடித்தாலும் ஒரு பெஞ்சு நிறையாது. ஒருத்திக்கு மூக்கு, ஒருத்திக்குக் கண், இன்னொருத்திக்கு இறால் ஆகாது. வார்டுக்குக் கிளம்பும்போது விடுதி வராந்தாவில் ஒரே மாத்திரை அட்டை கைமாறும். அதைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூக்கக் கலக்கத்தில் நடப்பார்கள்.

ரச்சனிக்குக் கைதான். விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கையில் தன்னுடையதை மட்டும் வியாதி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. புண் தெரியாமலிருக்க ஒன்றுக்கு இரண்டாகக் கையுறை மாட்டிக்கொள்வாள்.

அன்று ஒரு பெரியவரின் கால்புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் உதடு தடித்தது. பிறகு நெஞ்சுக்குள் விசில் சத்தம். பக்கத்தில் நின்ற தோழி ஜியாப் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய், என்னடி வாய் மீன் வாய் மாதிரி ஆயிடுச்சு? மேடம்! சீக்கிரம் வாங்க!"

பயிற்சி ஆசிரியை விலாய் ஓடி வந்து முதலில் அவள் கையுறைகளை உரித்தெறிந்தார். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீரான பிறகுதான் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"எத்தன மாசமா இப்பிடி?"

"ரொம்ப நாளா, மேடம். எல்லாருக்கும்தான ஏதாச்சும் இருக்கு..."

"எல்லாருக்கும் இருந்தா அது நோய் இல்லன்னு எந்தப் புஸ்தகத்துல படிச்ச? உனக்கு ரப்பர் ஒத்துக்கல. இனிமே ரப்பர் இல்லாத நீலக் கையுறைதான். ரப்பர் பால் பக்கமே கை போகக் கூடாது. வீட்டுல என்ன தொழில்?"

ரச்சனி கண்ணை மூடிக்கொண்டாள். "ரப்பர் தோட்டம்."

ஜியாப் சிரிக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

விடுதிக்குத் திரும்பியதும் ரச்சனி போனைக் கையில் வைத்தபடி வெகுநேரம் படுத்திருந்தாள். அப்பாவுக்கு முதுகு போன பிறகு சொந்த ஊரான திராங்கில் அம்மா தனியாகத்தான் பாலுக்காக மரம் சீவுகிறாள். விடுமுறைக்கு வந்து பால் எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் இவள். அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று நினைத்துத்தான் படிக்க வந்தாள். மனசு ரகசியமாக நினைத்ததை உடம்பு ஊரறியச் சொல்லிவிட்டது போலிருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தானே தோன்றும்?

"அம்மா, இந்தத் தடவ என்னால பாலத் தொட முடியாது."

"ஏன், கை புண்ணாயிடுச்சா?"

"ரப்பரே ஒத்துக்கலம்மா. மூச்சு நின்னுடப் பாத்துச்சு. ஊசி போட்டாங்க."

மறுமுனையில் அம்மா கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நர்ஸ் வேலைக்குக் கையுறை?"

"வேற இருக்கும்மா. நீலக் கலர்ல. ரப்பர் கிடையாது."

"எல்லா ஆஸ்பத்திரியும் அதையே போட்டா நம்ம பால யாருடி வாங்குவா?"

ரச்சனி சிரித்துவிட்டாள். நெஞ்சு வலித்தது.

"இப்ப மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"அப்ப வா. வந்து சோத்த ஆக்கு, அப்பாவக் குளிப்பாட்டு. தோட்டத்துக்கு உன் சித்தியக் கூப்பிட்டுக்கறேன். அவ பேசியே கொல்லுவா, என்ன பண்றது."

அம்மாவின் குரலில் கோபமே இல்லை. இருட்டோடு எழுந்து மரத்துக்கு மரம் நடந்தவளின் அலுப்புதான் இருந்தது. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம்.

"வர்றேம்மா" என்றாள்.